நோயாளி ராமானுஜனும் அவர் பக்கத்தில் இருந்தவர்களும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் வருவது தாம்பரம் சானடோரியம் நிலையம். நம்மில் பலர் தினமும் அந்த வழியாகப் போய் வருகிறோம். சானடோரியம் என்பது ஊர்ப் பெயரல்ல. காசநோய் பிடித்தவர்களை ஊரிலிருந்து விலக்கி, நல்ல காற்றும் வெளிச்சமும் ஓய்வும் உணவும் கொடுத்துத் தேற்ற முயன்ற இடத்துக்கு அந்தப் பெயர். அப்போது தாம்பரத்துக்கு வெளியே வெறும் குன்றும் காடுமாகக் கிடந்த இடத்தில் 1928-ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. 1937-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இந்த சவுரிமுத்து அதற்கு முன்பு பல வருடங்கள் இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில், இதே போன்ற ஒரு சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தார். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட நெவாசா கப்பலில் அவரும் பயணம் செய்தார். அதே கப்பலில் 26 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கணக்கின் பலத்தால் கேம்பிரிட்ஜுக்கு அழைக்கப்பட்ட கும்பகோணத்து ராமானுஜன்தான் அவர். காசநோய் நிபுணரும் கணித மேதையும் அன்று உடன் பயணிகள். மூன்றரை வருடம் கழித்து, ஒருவர் மருத்துவராகவும் மற்றவர் நோயாளியாகவும் மெண்டிப் குன்றில் மறுபடி சந்தித்தார்கள்.

ராமானுஜனின் கணிதத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நோயாளியாக அவர் கழித்த மூன்று வருடங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நோயுற்றவரை நலம் விசாரிப்பது நம்மிடம் கடமையாகச் சொல்லப்பட்ட காரியம். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுகிறோம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். போய் என்ன பேசுகிறோம்? ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லிப் படிக்கிறோம். இதே நோய் வந்து போய்ச் சேர்ந்த இன்னொருவரின் கதையைச் சொல்கிறோம். பத்து நிமிடத்தில் செல்போனை எடுத்துவிடுகிறோம். ராமானுஜன் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று பார்த்தால், நமக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகள் நினைவுக்கு வரும்.

அந்நிய ஊரில் அடுப்பு

ராமானுஜன் கட்டுப்பாடான வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். புலால் தொடமாட்டார். டிரினிட்டி கல்லூரியின் உணவுக்கூடத்தில் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்து, தன் அறையிலேயே ஒரு அடுப்பை வைத்துத் தானே சமைத்தார். ஹலால் தேடி வெளிநாட்டில் அலைந்த நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமத்தை விளக்க வேண்டியதில்லை. அவர் போய்ச் சேர்ந்த நான்கே மாதத்தில் முதல் உலகப் போர் தொடங்கியது. காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. கூட இருந்த கணித ஆசிரியர் லிட்டில்வுட் உட்படப் பலர் போர்ப் பணிக்குப் போய்விட்டார்கள். ராமானுஜன் இரவெல்லாம் கணக்குப் போட்டு, ஒழுங்கில்லாத நேரத்தில் தூங்கி, தோன்றும்போது ஒரு வேளை சமைத்துச் சாப்பிட்டு நாட்களை ஓட்டினார்.

ஒரு முறை இந்திய நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்து, தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக் குடித்தவர்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ராமானுஜனைக் காணவில்லை. மனம் நொந்து அப்படியே ஆக்ஸ்போர்டுக்கு ரயிலேறிப் போய்விட்டார். நான்கு நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். நாள் கணக்கில் தனியாகச் சாப்பிடும் ஒருவர், தன் கையால் சமைத்ததை நாலு பேர் சாப்பிடுவதற்கு எவ்வளவு ஏங்கியிருப்பார் என்பதும் அதில் இருக்கிறது.

கும்பகோணத்தில் நிலைமை வேறு விதமாகக் கெட்டிருந்தது. 1909-இல் திருமணமானபோது மனைவி ஜானகிக்கு வயது 10. 1914-இல் தானும் இங்கிலாந்து வருவதாக அவர் கேட்டார், ராமானுஜன் சம்மதிக்கவில்லை. மாமியார் கோமளத்தம்மாள் மகன் மேல் உயிரையே வைத்திருந்தவர். மருமகள் எழுதிய கடிதங்கள் கணவனுக்குப் போகாமல் மாமியாரால் தடுக்கப்பட்டதாக ஜானகி பின்னாளில் சொன்னார். ஒரு கட்டத்தில் கும்பகோணத்து வீட்டை விட்டுக் கராச்சியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனவர், மாமியாரிடம் திரும்பவில்லை. மனைவி ஏன் எழுதுவதில்லை என்று அங்கே கணவருக்குத் தெரியாது. இங்கே மனைவிக்கும் அதே கேள்வி.

ஹார்டி செய்ததும் செய்யாததும்

1917 வசந்த காலத்தில் ராமானுஜன் படுத்துவிட்டார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு சிறு மருத்துவ விடுதி. அக்டோபரில் மெண்டிப் குன்றில் சவுரிமுத்துவின் சானடோரியம். அங்கே அவர் நீண்ட நாள் தங்கவில்லை. சில வாரங்களில் டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார்.

காசநோய்க்கு அன்று மருந்தே கிடையாது. குளிர்ந்த, திறந்த காற்றுதான் சிகிச்சை. ஜன்னல்களைத் திறந்தே வைப்பார்கள். கணப்பு அடுப்பு மூட்டமாட்டார்கள். காவிரிக் கரையில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரில் நடுங்கியது. மேட்லாக்கில் குளியலறை மட்டும்தான் கதகதப்பாக இருந்தது. தினமும் தாளும் பேனாவுமாக அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்யப்போவதாக ஹார்டிக்கு எழுதினார்.

ஜி.எச். ஹார்டி அவரைக் கண்டெடுத்தவர், கூட இருந்து வேலை செய்தவர், இங்கிலாந்தில் அவருக்கு இருந்த நெருங்கிய நண்பர். ஆனால் வீட்டு விஷயம், மன விஷயம் என்று எதையும் எளிதில் கேட்கிற சுபாவம் அவருக்கு இல்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்தும், இளமையில் என்னென்ன புத்தகங்கள் படித்தார் என்பதைக்கூட ராமானுஜனிடம் கேட்டு வைக்கவில்லையே என்று பின்னாளில் வருந்தி எழுதினார். வீட்டில் பிணக்கு இருப்பதும் கடிதங்கள் நின்றுபோனதும் நோயில் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

1918-இன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தண்டவாளத்தில் விழுந்தார். ஊழியர் ஒருவர் கவனித்து விசையை இழுத்ததால் ரயில் சில அடி தூரத்தில் நின்றது. காலில் காயத்தோடு தப்பினார். தற்கொலைக்கு முயல்வது அங்கே அப்போது குற்றம். காவல் துறை அவரைக் கைது செய்தது. ஹார்டி ஓடி வந்தார். இவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இவரைக் கைது செய்ய முடியாது என்று வாதாடி விடுவித்தார். அன்று ராமானுஜன் அந்தச் சங்கத்தின் உறுப்பினராகவே ஆகியிருக்கவில்லை. இந்தச் செய்தியை ஹார்டியிடமிருந்து கேட்டு உலகுக்குச் சொன்னவர் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர்.

இப்படி ஒன்று நம் வீட்டில் நடந்தால் முதலில் வருவது ஏச்சு, அடுத்து பாவம் புண்ணியம் பற்றிய பாடம், பிறகு வெளியே தெரியக்கூடாது என்ற பதற்றம். ஹார்டி இறைநம்பிக்கை இல்லாதவர், உணர்ச்சியை வெளிக்காட்டாதவர். அவர் செய்தது இரண்டு. உடனே போய் நின்றார். அடுத்து, இந்த மனிதருக்குத் தான் வேண்டப்பட்டவர் என்று தெரியவேண்டும் என்று முடிவுசெய்து, கௌரவங்களுக்காக முனைந்து பாடுபட்டார். நோயாளி அதிக நாள் இருக்கமாட்டாரோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி ராமானுஜனைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர். அந்த வருடத்தில் ராமானுஜனின் மூளை மறுபடி சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்கியது.

மூன்று நாள் தங்கிய விருந்தாளி

என் பார்வையில் அந்த வருடத்தின் பெரிய நண்பர் வேறொருவர். ஏ.எஸ். ராமலிங்கம் என்ற தமிழர், அங்கே வேலை பார்த்த பொறியாளர். ராமானுஜன் லண்டனில் வந்திறங்கிய புதிதில் பழக்கமானவர். 1918 ஜூனில் மேட்லாக்குக்கு வந்தார். வந்தவர் பழத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பவில்லை, மூன்று நாள் தங்கினார். காலையில் என்ன சாப்பிடுகிறார், மதியம் என்ன, எது இறங்குகிறது, எதைத் தட்டிலேயே வைத்துவிடுகிறார், சமையல்காரருக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நோயாளியின் பிடிவாதத்தையும் பார்த்தார். நாக்கைக் கொஞ்சம் அடக்கினால்தான் உயிர் தங்கும் என்ற கவலையும் அவருக்கு வந்தது. பிறகு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி ஹார்டிக்கு அனுப்பினார்.

ராமலிங்கத்துக்கு உயர்கணிதத்தில் பங்கில்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்பியது தன் நண்பர் சாப்பிட்டாரா என்பது. டாக்டர்களும் பேராசிரியர்களும் நுரையீரலைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தவர் இவர். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருந்தவருக்குத் தெரியப்படுத்தினார். புகார் சொல்லும் தொனியில் எழுதாமல் விவரமாக எழுதினார். நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே நிற்கிற சொந்தக்காரர் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நான் அறிந்தவரை இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்து லண்டன், பிறகு புட்னி. புட்னியில் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அது சுவாரசியமற்ற எண்ணாகத் தெரிகிறது என்றும் சொல்ல, படுக்கையில் இருந்த ராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று விளக்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. நோயாளியைப் பார்க்க வந்தவர் நோயைப் பற்றிப் பேச்செடுக்காமல் அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேசினார் என்ற அளவில் எனக்கு இது நினைவில் நிற்கிறது.

அதே புட்னிப் படுக்கையிலிருந்து 1919 ஜனவரி 11 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு ஒதுக்கப்பட்ட உதவித்தொகை தேவைக்கு அதிகம் என்றும், பெற்றோருக்கு ஒரு பகுதியும் தன் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் படிப்புக்குச் செலவிடலாம் என்றும் கேட்டுக்கொண்டார். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் எல்லாரும் கொடுக்கவே வருகிறோம். அவருக்கும் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று இருக்கும்.

ஊர் திரும்பிய பின் ஓர் ஆண்டு

1919 மார்ச் 27 அன்று பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியபோது தாயும் தம்பியும் நின்றிருந்தார்கள். அவர் முதலில் தேடியது ஜானகியை. கணவர் ஊர் திரும்பும் செய்தியே ஜானகிக்குப் பத்திரிகை மூலம்தான் தெரிந்தது. சென்னைக்கு வந்து சேர்ந்துகொண்டார். திருமணமாகிப் பத்து வருடம் கழித்து, கணவனும் மனைவியுமாக அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது அந்த ஒரு வருடம்தான். அப்போது ஜானகிக்கு 20 வயது. உன்னையும் கூட அழைத்துப் போயிருந்தால் இந்த நோய் எனக்கு வந்திருக்காது என்ற பொருளில் ராமானுஜன் அவரிடம் சொன்னாராம்.

காவிரிக் காற்று நல்லது என்று கொடுமுடி, பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடி சென்னை. டாக்டர் பி.எஸ். சந்திரசேகர் விடாமல் கவனித்தார். கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார் சேத்துப்பட்டில் தன் வீட்டைத் தங்கக் கொடுத்தார். காசநோயாளிக்கு வீடு கொடுக்கத் துணிந்தவரை அன்று எண்ணிவிடலாம்.

ஜானகி செய்தது என்ன? நேரம் தவறாமல் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர். வலி வந்தால் காலிலும் நெஞ்சிலும் வெந்நீர் ஒத்தடம். கேட்கும்போது தாள். ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார், எரிச்சலும் கோபமும் கூடிவிட்டன. மாமியாருக்கும் மருமகளுக்கும் சச்சரவு நின்றபாடில்லை. கோமளத்தம்மாளை இந்தக் கதையில் வில்லியாக்கிவிடுவது எளிது. பெற்ற பிள்ளை கண்முன்னே கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் அவர். ஒரே நோயாளிக்காகத் தவிக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளாமல் மோதிக்கொள்வது எல்லா ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நடப்பதுதான்.

1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில்தான் மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பு இருந்தது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு வரை தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று காலமானார். வயது 32. கடல் கடந்து போனவர் என்று காரணம் சொல்லி, ஆசாரம் பார்த்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஒரு ஜனாஸாவுக்கு முகம் தெரியாதவர்கள்கூட ஓடிவந்து தோள் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் படிக்கும்போது மனம் கனக்கும். ஆனால் வேறு காரணங்களுக்காக நாமும் சில வீடுகளுக்குப் போகாமல் இருந்திருக்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. 1994-இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, ராமானுஜனுக்கு வந்தது காசநோயாக இருக்க வாய்ப்பில்லை என்றும், இளமையில் வந்த சீதபேதியின் தொடர்ச்சியாகக் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றும் எழுதினார். அப்படியானால் அது அன்றைக்கே குணப்படுத்தக்கூடியது. குளிரிலும் தனிமையிலும் கழித்த அத்தனை சானடோரியம் மாதங்களும் தவறான நோய்க்கான சிகிச்சை.

உண்மையான காசநோயாளிகளுக்கே அந்தத் தனிமை தேவையா என்ற கேள்விக்கு விடை வந்ததும் சேத்துப்பட்டிலிருந்துதான். மருந்துகள் வந்துவிட்ட பிறகு, 1956-இல் அங்கே அமைந்த காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகள் 190-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான குடிசையில், போதிய உணவில்லாமல், குடும்பத்தோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு உலகம் முழுதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கும் முறை பரவியது. நோயை அண்டி வருவதற்கு அஞ்சும் மனம் மட்டும் அவ்வளவு விரைவில் மாறவில்லை. 1990-களில் தாம்பரம் சானடோரியத்துக்கு எச்.ஐ.வி. நோயாளிகள் வரத் தொடங்கியபோது அதே அச்சமும் ஒதுக்குதலும் கூடவே வந்தன.

ஜானகி அம்மாள்

21 வயதில் விதவை. பிள்ளையில்லை. சில வருடம் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்தார். நம் மக்கள் நிறைந்த அதே திருவல்லிக்கேணிதான். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியம் ஒரு பக்கம், தைத்தும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தது ஒரு பக்கம். 1950-இல் அவருடைய தோழி ஒருவர் இறந்துபோக, தோழியின் ஏழு வயது மகனைத் தன் மகனாக எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார். இழப்பில் இருந்தவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வருவது ஒன்று. அவர் விட்டுப்போன பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுவது இன்னொன்று.

கணவர் கடைசி ஆண்டில் எழுதிக் குவித்த தாள்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து ஹார்டிக்குப் போய், பல கைகள் மாறி மறக்கப்பட்டன. 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் அதில் இருந்தன. அதன் பிறகு உலகத்துக் கணித அறிஞர்கள் திருவல்லிக்கேணிக்கு வரத் தொடங்கினார்கள். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று ஜானகி அம்மாள் ஒரு பேட்டியில் கேட்டிருந்தார். அதைப் படித்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி முயற்சி எடுக்க, பல நாட்டுக் கணிதவியலாளர்கள் கையிலிருந்து பணம் போட்டார்கள். சிற்பி பால் கிரான்லண்ட் வடித்த மார்பளவுச் சிலை ஒன்று அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

1994 ஏப்ரல் 13 அன்று ஜானகி அம்மாள் காலமானார். சேத்துப்பட்டு வீட்டில் கணவருக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்களை முதுமையிலும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.